மூன்று நோயா, நூறு நோயா: பிறந்த குழந்தையின் ரத்தத்தில் எதைத் தேடுவது?

கடலூரிலோ புதுச்சேரியிலோ தனியார் மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிரசவக் கட்டண ரசீதோடு இப்போது ஒரு வண்ணத்தாளும் கிடைப்பதுண்டு. பச்சிளங்குழந்தைப் பரிசோதனைத் திட்டங்கள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகும். ஒவ்வொரு திட்டத்துக்குப் பக்கத்திலும், எத்தனை நோயைத் தேடுகிறது என்று கொட்டை எழுத்தில் ஓர் எண்: 3, 7, 50, 100 என்று. எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்று குழந்தையின் தகப்பன் நினைப்பது இயல்புதான். என்னைக் கேட்டால், அந்த எண்ணைக் கடைசியாகப் பார்க்கச் சொல்வேன். எந்த ரத்தம், பிறந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கிறார்கள், முடிவு சரியில்லையென்றால் யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்ற மூன்றும் அதற்கு முன் தெரிய வேண்டும்.

முதல் போட்டி தொப்புள்கொடி ரத்தத்துக்கும் குதிகால் ரத்தத்துக்கும். கொடி ரத்தம் எடுப்பது சுலபம். குழந்தைக்குக் குத்து இல்லை, தாய் எப்போது வீட்டுக்குக் கிளம்பினாலும் மாதிரி கையில் இருக்கும். பிறவித் தைராய்டு குறையைக் காட்டும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவுக்கு அது தாராளமாகப் போதும். பிறந்த அரை மணி நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் டிஎஸ்எச் கிடுகிடுவென ஏறி, அடுத்த ஒன்றிரண்டு நாளில் இறங்கும். கொடி ரத்தம் அந்த ஏற்றத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. குதிகால் ரத்தம் என்றால் ஏற்றம் அடங்கும்வரை, அதாவது 48 முதல் 72 மணி நேரம்வரை, காத்திருக்க வேண்டும்.

உணவின் சத்துகளை உடல் சரியாகச் சிதைக்க முடியாத வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்குக் கொடி ரத்தம் உதவாது. வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் ரத்தத்தில் சேரும் கழிவை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடல் வாங்கிச் சுத்தம் செய்துவிடுகிறது. பிறந்து, பால் குடித்து, சொந்த ஈரலை நம்பி இரண்டு நாள் இருந்த பிறகுதான் ஃபீனைல்அலனினோ லியூசினோ (பாலின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள்) தேங்குவது ரத்தத்தில் தெரியும். ஆகவே "கொடி ரத்தத்திலேயே எல்லாம் பார்த்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். சுகப்பிரசவம் ஆகி மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் இடமானால், கொடி ரத்தத்தில் டிஎஸ்எச் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு மூன்றாம் நாள் மறுபடி வரச் சொல்வதுதான் நேர்மையான ஏற்பாடு.

அடுத்தது சிறிய தொகுப்பு. பெரும்பாலும் டிஎஸ்எச், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறுக்கான 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி ஆகிய மூன்றும் இதில் இருக்கும். பார்வைக்கு எளிய பட்டியல். என் ஓட்டு முதலில் இதற்குத்தான், காரணம் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது, பிறவித் தைராய்டு குறை 1,130 பேரில் ஒருவருக்கும், அட்ரீனல் கோளாறு 5,762 பேரில் ஒருவருக்கும் இருந்தது. தைராய்டு குறை தென்னிந்தியாவில் இந்தச் சராசரியையும் தாண்டியது. மேலை நாடுகளில் 2,000 முதல் 4,000 பேரில் ஒருவர் என்பதே பழைய கணக்கு.

தைராய்டு குறையுள்ள குழந்தை முதல் வாரங்களில் நோயாளிபோலத் தெரியாது. மஞ்சள் காமாலை சற்று நீளும், மலம் கட்டும், அழுகுரல் கொஞ்சம் கரகரக்கும். "என் பேரன் அழவே மாட்டான், தங்கம்" என்று பாட்டி பெருமைப்படும் குழந்தைகளில் ஒன்றிரண்டு இப்படியும் இருக்கலாம். மூளை வளர்ச்சியோ காத்திருக்காது. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். மருந்து என்னவென்றால், மலிவான தைராக்சின் மாத்திரை. நுணுக்கி, சில துளி தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் புகட்டினால் போதும். இவ்வளவு சாதாரண மருந்து ஒரு பிள்ளையின் அறிவுத்திறனைக் காப்பாற்றுகிறது என்பதே இந்தச் சோதனைக்குப் போதுமான வக்காலத்து.

அட்ரீனல் கோளாறில் ஆண் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பின் தோற்றத்திலேயே சந்தேகம் வந்துவிடும். ஆண் குழந்தையோ எந்த அடையாளமும் காட்டாமல் வீட்டுக்குப் போய், இரண்டாவது வாரத்தில் வாந்தியெடுத்து, உப்பு இழந்து துவண்டுவிடும். பார்ப்பவர்கள் கிருமித்தொற்று என்றே நினைப்பார்கள். ஜி6பிடி குறைக்கு மாத்திரை கிடையாது, எச்சரிக்கைதான் மருந்து. குழந்தைக்காக எடுத்துவைத்த பழைய வேட்டித் துணியும் சட்டைகளும் பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து வந்தவையானால், அந்த நாஃப்தலின் வாடையே இந்தக் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். சில மலேரியா மாத்திரைகளும் அப்படியே. பிரசவத்துக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது.

இனி பெரிய தொகுப்பு. டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி, காகிதத்தில் உலர்ந்த ஒரே ரத்தப் பொட்டிலிருந்து அமினோ அமிலங்களையும், கொழுப்பு முதலியவை எரியும்போது உண்டாகும் அசைல்கார்னிடின்களையும் இரண்டு மூன்று நிமிடத்தில் அளந்துவிடுகிறது. ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் பாக்டீரியாவை வளர்த்து ஃபீனைல்கீட்டோனூரியா (ஃபீனைல்அலனினைச் சிதைக்க முடியாத நோய்) என்ற ஒரே நோயைக் கண்டுபிடித்த அதே வடிகாகிதத்தில் இன்று ஐம்பது நோய்களைத் தேடுகிறார்கள். அறிவியலாக இது அபாரம். லியூசின் கூடினால் மேப்பிள் சிரப் நோய், சிட்ருலின் கூடினால் அம்மோனியாவை அகற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறு, எட்டு கார்பன் அணு கொண்ட அசைல்கார்னிடின் கூடினால் கொழுப்பை எரிக்க முடியாத எம்கேட் குறைபாடு என்று ஒவ்வொரு குறியீடும் ஒரு திசையைக் காட்டும்.

ஆனால் திசையைத்தான் காட்டும். மூன்று கார்பன் அணு கொண்ட அசைல்கார்னிடின் கூடியிருந்தால் கொடிய புரோபியானிக் அமில நோயாக இருக்கலாம். தாய்க்கு பி12 சத்து குறைந்ததாலும் அதே எண் ஏறும், அது ஊசியில் தீரும். குறைமாதக் குழந்தைக்கு 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் நோயில்லாமலே உயரும். நோய்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பொய் எச்சரிக்கையும் கூடும். பத்து நாள் பச்சை உடம்புக்காரி தூக்கமில்லாமல் அழுவதும் இந்தச் சோதனையின் செலவில் சேர்த்தியே. இன்னொன்று, மேப்பிள் சிரப் நோயும் யூரியா சுழற்சிக் கோளாறும் முதல் வாரத்திலேயே தாக்கக்கூடியவை. ரத்தப் பொட்டு வைத்த காகித அட்டை கூரியரில் வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் குழந்தை பால் மறுத்துச் சுருண்டுவிடலாம். அப்போது அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. அம்மோனியா, சர்க்கரை, ரத்த அமிலத்தன்மை மூன்றையும் அன்றே பார்க்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கத்து மக்கள் கோரிமேட்டு ஜிப்மருக்குக் கிளம்பும் வழக்கம் இங்கே கைகொடுக்கும்.

அப்படியானால் பெரிய தொகுப்பு யாருக்கு? சொந்தத்தில் கட்டியவர்களுக்கு என்று தயங்காமல் சொல்வேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் உறவினரை மணந்தவர்கள். தாய்மாமனோ அத்தை மகனோ கணவரானால் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருந்துவிட்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பணத்தட்டுப்பாடு இல்லாத மற்றவர்களும் செய்துகொள்ளலாம், தப்பில்லை. சிறிய தொகுப்பை விட்டுவிட்டு இதைச் செய்வதுதான் தப்பு. சில பெரிய தொகுப்புகளில் டிஎஸ்எச் சேராது, தனியாகக் கேட்க வேண்டும்.

வண்ணத்தாளில் நூறைத் தாண்டும் எண் பெரும்பாலும் சிறுநீர்ச் சோதனையால் வருவது. காகிதத்தில் சிறுநீரை நனைத்து அனுப்பினால் போதும், ஊசியே இல்லை என்பது அதன் கவர்ச்சி. புரோபியானிக் நோய் போன்ற கரிம அமிலக் கோளாறுகளை உறுதிசெய்ய அது நல்ல கருவிதான். தைராய்டு குறையும் அட்ரீனல் கோளாறும் அதில் தெரியாது. கொழுப்பு எரிப்புக் கோளாறு, குழந்தை நலமாக இருக்கும் நேரத்தில் நழுவிவிடும். ரத்தச் சோதனைக்குப் பதிலாக இதை விற்பவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் சோதனையை இங்கிலாந்தில் ஒரு லட்சம் குழந்தைகளிடம் ஆய்வாக நடத்துகிறார்கள். நமக்கு அது இன்றைய கேள்வியில்லை.

எந்தத் தொகுப்பானாலும் தலைவிதி அந்த அட்டையில்தான் இருக்கிறது. குதிகாலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய துளி வட்டத்தை ஒரே தடவையில் நிரப்பிக் காகிதத்தின் மறுபக்கம்வரை ஊற விட வேண்டும். போதாதென்று மேலே இன்னொரு சொட்டு வைத்தால், குதிகாலைப் பிழிந்தால், அளவு கெட்டுப்போகும். பிறகு படுக்கைவாட்டில், வெயில் படாமல், மூன்று நான்கு மணி நேரம் உலர வேண்டும். ஐப்பசி மழையில் நம் கடற்கரை ஊர்களில் அப்பளமே நமத்துப்போகிறது. ஈரம் காயாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போன அட்டையிலும், சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்த அட்டையிலும் ஜி6பிடி, பயோடின் சத்தைக் கையாளும் பயோடினிடேஸ், கேலக்டோசீமியா என்ற பால் சர்க்கரைக் கோளாறுக்கான நொதி ஆகியவை செயலிழந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் இருக்கிற நோயும் மறையும்; அதனால் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

அறிக்கை வந்ததும் அலகைக் கவனியுங்கள். டிஎஸ்எச் முழு ரத்த அளவில் தரப்பட்டிருந்தால், சீரம் (அணுக்கள் நீக்கிய ரத்த நீர்) அளவு அதைப்போல் ஏறத்தாழ 2.2 மடங்கு. சீரம் அளவில் லிட்டருக்கு 40 மில்லி யூனிட்டுக்கு (mIU/L) மேல் என்றால் அன்றே நரம்பில் ரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். 20 முதல் 40 வரை என்றால் குழந்தை பிறந்த ஏழு முதல் பத்தாம் நாளுக்குள் மறு மாதிரி.

அந்த மறு மாதிரியில்தான் எங்கள் உறவில் ஒரு குழந்தைக்குச் சிக்கல் வந்தது. பிரசவம் புதுச்சேரியில், பெண் போனது நெல்லிக்குப்பத்துத் தாய்வீட்டுக்கு. அட்டையில் எழுதியிருந்ததோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவரின் இந்திய எண், அது அணைத்துக் கிடந்தது. பரிசோதனைக்கூடம் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுக் கோப்பை மூடிவிட்டது. தடுப்பூசி போட வந்தபோது அத்தை கேட்டதால்தான் விஷயமே வெளியே வந்தது. நல்லவேளை, மறு அளவு சரியாக இருந்தது. பணம் கட்டும்போதே தாய்வீட்டில் யார் போனை எடுப்பார்களோ அவர் எண்ணையும், அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முடிவு எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, அந்தத் தேதியில் நீங்களே கூப்பிடுங்கள்.