2,400 ரூபாய் தொட்டிலும் அப்பத்தாவின் கண்டாங்கியும்

தேவகோட்டையிலிருந்து மச்சினன் போன் செய்தான். "அத்தான், கார் பின்சீட்டுல நாய்க்குப் போடுற அந்தத் தொட்டில் விரிப்பு இப்ப 1,500-க்குக் கிடைக்குதாம், வாங்கலாமா?" நான் 2,400 கொடுத்தவன். வயிறு எரிந்தது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் சின்னிக்கு 13 வயது. லாப்ரடார். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, சிறுநீரகமும் சுமார்தான். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி டாக்டரிடம் மாதம் ஒரு தடவை. ஒன்றரை வருடமாக இதே விரிப்பில்தான் போய்வருகிறாள்.

ஈரம் இறங்காது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். திருமயம் கோட்டை கண்ணில் படும்போது பெரும்பாலும் அடக்கமுடியாமல் விட்டுவிடுவாள். துடைத்தால் போயிற்று, சீட்டுக்குள் ஒரு சொட்டு போனதில்லை.

ஆனால் அந்தப் பள்ளம்! நாம் கால் வைக்கும் இடத்துக்கு மேலே துணி வெறுமனே தொங்குகிறது. இடுப்பு போன நாய் அங்கே முன்காலை வைத்தால் துணி அமுங்கும், பின்கால் வழுக்கும். நகத்தால் பிறாண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள். பிரேக் போடும்போதெல்லாம் இதே கூத்து. 'எல்லா வயது நாய்க்கும்' என்று அட்டையில் அச்சடித்தவன் ஒரு கிழட்டு நாயையாவது பார்த்திருப்பானா? கடைசியில் முறுக்கு டின் இரண்டைப் பள்ளத்தில் இறுக்கி, மேலே பலகை வைத்து, விரிப்பை மாட்டி, அதன்மேல் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டேன். அன்றைக்குத்தான் திருச்சிவரை தூங்கினாள்.

அவளைக் காரில் ஏற்ற உதவும் என்று நான் எதிர்பார்க்காதது அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை. முரட்டுப் பருத்தி, நழுவாது. நாலாக மடித்து, பின்காலுக்கு முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்தால் இடுப்பின் கனம் நம் கைக்கு வந்துவிடும். முன்கால் வைத்து அவளே ஏறிக்கொள்வாள். ஏறியதும் அதுவே தலையணை. சாய்வுப் பலகைக்கு 6,000 சொன்னார்கள், வாங்கவில்லை.

அப்புறம், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுவோம். தண்ணீரை நிறுத்துவதில்லை, சிறுநீரகக்காரி. வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் ஐபுப்ரூஃபெனைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

மச்சினனிடம் "வாங்காதே" என்றுதான் சொன்னேன். இன்று காலை எங்கள் விரிப்பின் கொக்கி அறுந்தது. 1,500-க்கு அதையே ஆர்டர் சொல்லியிருக்கிறேன்.