பழைய எலெக்ட்ரிக் கார்: பேட்டரியை எதை வைத்து நம்புவது?

கீழக்கரையில் 2021 ஆகஸ்ட்டில் பதிவான டாடா நெக்ஸான் ஈவி எலெக்ட்ரிக் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30.2 கிலோவாட் அவர் பேட்டரி, 45,000 கி.மீ. ஓட்டம். பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே எடை இல்லை.

விற்பவர் முதலில் காட்டுவது, இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று டேஷ்போர்டில் தெரியும் கிலோமீட்டரைத்தான். அதை நம்பி விலை பேசவே கூடாது. கடைசியாக வண்டி எப்படி ஓடியதோ அதைப் பொறுத்து வரும் கணிப்பு அது. ஊருக்குள் மெதுவாக ஓட்டியிருந்தால் கூடும், மண்டபம் ரோட்டில் ஏசி போட்டு விரட்டியிருந்தால் குறையும்.

வண்டியின் கம்ப்யூட்டர் தகவலை போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. டாங்கிள் என்ற சின்னக் கருவியைச் செருகி, அந்த மாடலை ஆதரிக்கும் செயலியில் பார்ப்பது அதைவிட நல்லது. ஆனால் அதில் வரும் ஆரோக்கிய சதவீதமும் (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது மிச்சம் எவ்வளவு என்பது) வண்டியின் கம்ப்யூட்டர் தானே போட்ட கணக்குதான். இந்த நெக்ஸானில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை செல்கள். 30-லிருந்து 80 சதவீதம் வரை இவற்றின் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். வோல்டேஜை வைத்து சார்ஜ் எவ்வளவு என்று கம்ப்யூட்டரால் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் அடிக்கடி பாதியிலேயே சார்ஜைக் கழற்றும் வீட்டு வண்டியில் கணக்கு பிசகலாம். விற்பவரிடம் சொல்லி ஒரு தடவை மெதுவான சார்ஜரில் நூறு வரை ஏற்றச் சொல்லுங்கள். அப்புறம் சார்ஜ் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் செல்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பாருங்கள். பலவீனமான செல் அங்கேதான் தலைகாட்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, யூனிட் கணக்கு. சார்ஜரை சப்-மீட்டர் வழியாக மாட்டி 20-லிருந்து 100 வரை ஏற்றினால், புதிய பேட்டரிக்குள் 24 யூனிட் போக வேண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 27 பக்கம் காட்டும். 22-தான் காட்டுகிறது என்றால் பேட்டரி ஏறக்குறைய 80 சதவீதத்தில் நிற்கிறது. துல்லியம் இல்லைதான், ஆனால் யாருடைய வாய்வார்த்தையும் தேவைப்படாத கணக்கு.

கடைசி வழி, கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரோடு அச்சிட்டு வாங்கும் பேட்டரி அறிக்கை. இதற்காக மதுரை வரை போக வேண்டி வந்தாலும் போங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தப் பயணமே நல்ல சோதனை ஓட்டம். இதற்கு முன் பேட்டரி வேலை நடந்ததா, வாரண்டி உயிரோடு இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வாரண்டியில் பலர் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். இந்த வண்டிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. அதாவது 45,000 தான் ஓடியிருந்தாலும் 2029 ஆகஸ்ட்டோடு முடிந்துவிடும். அதே காலத்து எம்.ஜி. இசட்.எஸ். ஈவிக்கு வருஷம் அதேதான், கிலோமீட்டர் 1,50,000. புதிய மாடல்களில் சொல்லப்படும் ‘லைஃப்டைம்’ வாரண்டியில் இன்னும் கவனம் தேவை. 2024-இல் வந்த எம்.ஜி. விண்ட்சர் ஈவியில் அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். நீங்கள் வாங்கியதும் 8 வருஷக் கணக்குக்கு வந்துவிடும். ராமேஸ்வரத்தில் டாக்சியாக ஓடிய வண்டி என்றால் அதன் விதிகளைத் தனியாகக் கேளுங்கள். ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு வாரண்டியும் உங்கள் பெயருக்கு மாறியதை எழுத்தில் வாங்குங்கள்.

சென்னையில் வாங்குபவர் விட்டாலும் நம் கரைக்காரர் விடக்கூடாத ஒன்று உப்பு. வண்டியை லிஃப்டில் ஏற்றி, பேட்டரிப் பெட்டியின் போல்ட்டுகள், ஆரஞ்சு நிற கேபிள்கள் சேரும் இடங்கள், சார்ஜிங் போர்ட்டின் பின்கள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், அது உயர் வோல்டேஜ். தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போய், அடிப்பக்கம் கழுவாமலே நின்ற வண்டியில் போல்ட்டைச் சுற்றித் துரு செதிலாக உரியும். பெட்டியின் விளிம்பில் அப்படி உரிந்திருந்தால், அறிக்கையில் 95 சதவீதம் என்று இருந்தாலும் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன்.