கீமோவுக்குப் பின் மிஞ்சும் கட்டி: காத்திருப்பதா, அறுப்பதா, கரண்ட் வைப்பதா?

குழந்தைக்கு மூளைக்கட்டி. கீமோ முடிந்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி இன்னும் தெரிகிறது. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் பெற்றோருக்கு இதைக் கேட்டதும் பாதி உயிர் போய்விடும். மருந்து கேட்கவில்லை என்றே நினைப்பார்கள். எப்போதும் அப்படியில்லை. சில கட்டிகளில் வேகமாகப் பெருகும் செல்கள் செத்து, முதிர்ந்த, சாதுவான செல்கள் மட்டும் மிஞ்சும். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா அபூர்வமாக முதிர்ந்த நரம்பு செல்களாகவே மாறுவதுண்டு. ஸ்கேனை மட்டும் வைத்து இதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

உடனே கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துவிடலாமா? மிச்சம் நிஜமாகவே புற்று என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் மூன்று வயதுக்குள் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் படிப்பு, ஞாபகம், உடல் வளர்ச்சி எல்லாம் அடி வாங்கும். முதிர்ந்த செல்லுக்காக அந்த விலையைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கட்டி பெரிதாகாமல், தண்டுவட நீரிலும் புற்று செல் இல்லாமல், பிள்ளையும் ஓடியாடினால், சில மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று டாக்டரே காத்திருக்கச் சொல்லலாம். குடியாத்தமோ திருவண்ணாமலையோ, வீட்டோடு இருக்கலாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வயிறு கலங்கும், அதைத் தாங்கத்தான் வேண்டும்.

மறுபடி அறுவை என்றதும் பயப்படுகிறோம். ஆனால் கருச்செல்லிலிருந்து கிளம்பும் ஜெர்ம் செல் கட்டியில் அதுதான் வழியாகிற நேரம் உண்டு. ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. அளவுகள் இரண்டும் இறங்கி நார்மலாகிவிடும். கட்டியோ வளர்ந்துகொண்டே போகும். டெரட்டோமா என்றால் தோல், முடி என்று பலவகைத் திசு கலந்த கட்டி; இப்படி வளர்வதற்கு வளரும் டெரட்டோமா என்று 1982-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். மிஞ்சியது முதிர்ந்த டெரட்டோமா, அதற்குக் கீமோ எடுபடாது, எடுத்துவிடுவதே தீர்வு. மூளையின் நடுவே உள்ள பீனியல் சுரப்பிப் பக்கம் என்றால் ஆழமான இடம், கண்ணை மேலே தூக்கிப் பார்ப்பது பாதிக்கப்படலாம். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஊர் வேலூர். கை பழகிய சர்ஜன்களைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

என் கட்சி இதுதான்: எட்டக்கூடிய இடமென்றால், கரண்டுக்கு முன்னால் சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மூளைத்தண்டில் ஒட்டியிருந்தால் டாக்டர் சொல்வதுதான் முடிவு. அப்புறம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் ஆபரேஷனில் எடுத்த சதையின் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போங்கள். பழைய சதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதியது எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.