ஒரே ஒலி, நாலு சொல்: கொரிய அடிப்படை அகராதி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது தேசியக் கொரிய மொழிக் கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் 'ஹன்குகொ கிச்சோ சாஜொன்', அதாவது கொரிய அடிப்படை அகராதி. கும்பகோணத்திலோ திருவாரூரிலோ வகுப்புக்கு வழியில்லாமல், கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு டோபிக் எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சீன எழுத்திலிருந்து வந்த ஒத்த ஒலிச் சொற்களைப் பிரித்துக் காட்டுகிறதா என்ற ஒரு விஷயத்தை மட்டும் பார்ப்போம். முதல் நிலை தாண்டியதும் எல்லோரையும் தடுக்கிவிடுவது அதுதான்.

டெல்டாவில் "எத்தனை மா நடவு?" என்று கேட்டால் யாரும் மாம்பழத்தை நினைப்பதில்லை. 20 மா ஒரு வேலி என்று கணக்கு ஓடும். 'நடவு' என்ற பக்கத்துச் சொல் பொருளை முடிவுசெய்துவிடுகிறது. கொரிய மொழியிலும் அப்படித்தான், ஆனால் அங்கே இந்தச் சிக்கல் பல மடங்கு. சீனத்தில் பொருளைப் பிரிக்கும் சுரங்கள் (குரலின் ஏற்ற இறக்கம்) தென் கொரியத் தலைநகரான சோலின் இன்றைய பேச்சில் இல்லை, அசைகளும் குறைவு, ஆகவே எத்தனையோ எழுத்துகள் ஒரே ஒலியில் வந்து விழுந்தன. சீன எழுத்திலேயே அச்சானவரை குழப்பம் இல்லை. இன்று பெரும்பாலும் எல்லாம் கொரியாவின் சொந்த எழுத்தான ஹங்குலில்தான் அச்சாகின்றன.

'சுதோ' என்று தட்டிப் பாருங்கள். தலைநகர், குழாய்த் தண்ணீர் என்று தனித்தனித் தலைச்சொற்கள் வரும். ஒவ்வொன்றின் தலையிலும் சிறு எண், பக்கத்தில் அடைப்புக்குள் ஹன்ஜா, அதாவது சொல்லின் மூலமான சீன எழுத்து. இந்த அகராதியின் உண்மையான மதிப்பு அந்த அடைப்புக்குள்தான் இருக்கிறது. அந்த எழுத்தைப் படியெடுத்து நேவர் என்ற கொரிய இணையதளத்தின் ஹன்ஜா அகராதியில் ஒட்டினால், கொரியர்கள் எழுத்தைச் சொல்லும் முறையிலேயே 'பொருள் + ஒலி' கிடைக்கும். தண்ணீர் 'சு', வழி 'தோ': குழாய் நீர். தலை 'சு', நகர் 'தோ': தலைநகர். துலக்கும் 'சு', வழி 'தோ': துறவு நெறி. தண்ணீர் 'சு', நெல் 'தோ': நம் வயலில் நிற்கும் நன்செய் நெல். சொல்லைச் சொல்லாக மனப்பாடம் செய்வதைவிட இது எளிது, ஏனென்றால் தண்ணீர் 'சு' அடுத்த இருபது சொற்களிலும் வரும்.

அடிப்படை அகராதியில் சுமார் 50,000 சொற்கள்தான். நன்செய் நெல் போன்ற வேளாண் சொல்லுக்கு அதே கழகத்தின் 'ப்யோஜுன் குகொ தேசாஜொன்' என்ற பெரிய அகராதிக்குப் போங்கள். இரண்டிலும் சிறு எண்கள் ஒத்துப்போகாது. "சுதோ இரண்டாவது" என்று நோட்டில் குறித்து வைத்தால் பிறகு தவறான சொல்லில் போய் நிற்பீர்கள். எண்ணை விட்டுவிட்டு எழுத்தைக் குறியுங்கள்.

உச்சரிப்பு விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சக்வா' ஆப்பிளும்தான், மன்னிப்புக் கேட்டலும்தான். பெரிய அகராதி மன்னிப்புக்கு முதல் அசையை நெடிலாகவும் ஆப்பிளுக்குக் குறிலாகவும் குறிக்கிறது. குறில் நெடில் நமக்குக் கைவந்தது, இதை வைத்தே பிரித்துவிடலாம் என்று தோன்றும். இன்றைய சோல் இளைஞர்கள் அந்த வேறுபாட்டைப் பேச்சில் காட்டுவதில்லை. கேட்டல் தேர்வில் அதை நம்பி விடை எழுதாதீர்கள், வினைச்சொல்லைப் பிடியுங்கள். 'சக்வா'வுக்குப் பின் 'மொக்தா' வந்தால் சாப்பிடுவது, 'ஹதா' வந்தால் மன்னிப்பு. 'சகி'க்குப் பின் 'தங்ஹதா' வந்தால் மோசடிக்கு ஆளாவது, 'தொரொஜிதா' வந்தால் மன உறுதி குலைவது. 'யொன்கி'க்குப் பின் 'நதா' என்றால் புகை எழுகிறது, 'த்வேதா' என்றால் தேதி தள்ளிப்போகிறது. அடிப்படை அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இந்தச் சேர்க்கைகள் கிடைக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே மொழிபெயர்ப்புச் செயலிகளைவிட இந்த அகராதியை மேலே வைக்கலாம்.

எதிர்ப்பொருள் இணைகள்தான் ஆபத்தானவை. 'பங்ஹ்வா' தீ வைப்பதும் ஆகும், தீத்தடுப்பும் ஆகும். 'பங்சு' தண்ணீரைத் திறந்துவிடுவது, அதே ஒலியில் தண்ணீர் புகாமல் காப்பதும். மேட்டூரில் ஜூன் 12 நீர் திறப்பைக் கொரிய மொழியில் எழுதப் பார்ப்பவர் 'பங்சு' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். அணை நீருக்குச் செய்திகளில் பெரிதும் வழங்கும் 'பங்ன்யூ'வை எழுதுங்கள். 'யொன்பே' தொடர் தோல்வியும் தொடர் வாகையும். 'ப்பஜிதா' (விழுதல்) சேர்ந்தால் தோல்வி.

ஒத்த ஒலிச் சொற்கள் பெருகியதற்கு இன்னொரு காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. சொல்லின் முதலில் ரகரம் வராது என்பதால் நாம் 'இராமன்' என்று இகரம் சேர்த்தோம். தென் கொரியாவில் சீன வழிச் சொற்களின் முதலில் இகரத்தோடு வரும் ரகரத்தையே எடுத்துவிட்டார்கள். 'ரிசொங்' (பகுத்தறிவு) 'இசொங்' ஆகி, எதிர்பாலினம் என்ற இன்னொரு 'இசொங்'கோடு கலந்தது. வட கொரியாவில் இன்றும் 'ரிசொங்' என்றே எழுதுகிறார்கள்.

குறைகள். விளக்கம் 11 மொழிகளில் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கில விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும். நட்சத்திரக் குறி உதவும்: மூன்று நட்சத்திரம் தொடக்க நிலை, இரண்டு இடைநிலை, ஒன்று உயர்நிலை. டோபிக் ஒன்றுக்குப் படிப்பவர் குறியில்லாத ஒத்த ஒலிச் சொற்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

இந்த மதிப்புரையில் கொரியச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் கொரிய மொழியில் முதல் மெய் வெவ்வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்'. சீனம் தந்த குழப்பம் போதாதென்று நாமே புதிதாக ஒன்றை உண்டாக்கியதாகும். முதல் நாளே கைப்பேசி அமைப்பில் கொரிய விசைப்பலகையைச் சேர்த்து, தேடுவதையும் குறிப்பதையும் ஹங்குலிலேயே செய்யுங்கள். தேடியது கிடைக்கவில்லையென்றால் முதலில் 'ன்', 'ங்' இரண்டையும் மாற்றிப் பாருங்கள், அடுத்து 'ஒ', 'ஓ'. பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.