ட்ராம்போன் வாசிப்பவர் பார்வையில் ஒரு யூக்கலிப்டஸ் டிட்ஜெரிடூ

சறுக்குக் குழாய் கொண்ட பித்தளை ஊதுகருவியான ட்ராம்போனுக்குத் துணையாக நான் வாங்கிய இந்த டிட்ஜெரிடூ என்னும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீண்ட ஊதுகருவி, கரையான் உள்ளே அரித்துக் குடைந்த ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் தண்டில் செய்யப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1.4 மீட்டர், ஆதார சுருதி மேற்கத்திய இசையின் டி (D), அதாவது வினாடிக்குச் சுமார் 73 அதிர்வுகள். வாய் வைக்கும் முனையைத் தேன்மெழுகால் 30 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கியிருக்கிறார்கள். பெரிய பித்தளைக் கருவியான டியூபாவின் ஊதுவாய்க்கும் ஏறத்தாழ இதே அகலம்தான். ட்ரம்பெட்டினுடையதோ இதில் பாதியளவே இருக்கும். பித்தளைக் கருவி வாசிப்பவர்களில் யாருக்கு இது எளிதில் வசப்படும் என்பது இந்த அளவிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உதட்டை அதிரவைக்கத் தெரிந்தவருக்கு முதல் ஊதலிலேயே ஒலி வந்துவிடும். ஆனால், வரவேண்டிய ஒலி அதுவல்ல. பழகிய உறுதியோடு உதட்டைச் சேர்த்து ஊதினால் ஆதார சுருதியைத் தாண்டி மேற்சுரமே பீறிட்டு வருகிறது. சீரான உட்துளை கொண்ட பிவிசி குழாயில் அந்த மேற்சுரம் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில் நிற்கும். கீழ்நோக்கி விரியும் இந்த மரக்கருவியில் அது இறங்கி, காந்தாரத்தை ஒட்டி ஒலிக்கிறது. உதட்டை நன்றாகத் தளர்த்தி, காற்றின் அழுத்தத்தையும் குறைத்த பிறகுதான் அடிநாதம் நிலைகொள்கிறது. ட்ரிக்கர் (கூடுதல் குழாயைத் திறக்கும் விசை) இல்லாத டெனார் ட்ராம்போனில், சறுக்குக் குழாயை முழுதும் நீட்டும் ஏழாம் நிலையின் ஈ (E) சுரத்துக்கும், பெடல் எனப்படும் அடிச்சுரமான பி-ஃப்ளாட்டுக்கும் நடுவே சுரம் கிடைக்காத ஓர் இடைவெளி உண்டு. இக்கருவியின் டி அங்கேதான் அமைகிறது என்பதால், எங்கள் உதடு அதிகம் பழகியிராத இடத்தில் அதற்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது.

மூச்சு விஷயத்தில்தான் இக்கருவி தன் விலைக்கு உரிய பலனை முழுமையாகத் தருகிறது. கன்னத்தை உப்பவிடாதே என்றே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கோ கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை நாக்காலும் கன்னத் தசையாலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். ட்ராம்போனில் இதைச் செய்யும்போது சுரம் தடுமாறுவது உடனே காதில் உறுத்தும். இதிலோ அந்தத் தடுமாற்றமே தாளமாக அமைந்துவிடுவதால், பழகுபவருக்கு அச்சம் குறைகிறது. அடுத்தது நாக்கு. வாய்க்குள்ளும் தொண்டையிலும் எழும் வலுவான ஒத்ததிர்வுகள் சில மேற்சுரங்களை அமுக்கிவிட, எஞ்சியவையே உயிரெழுத்துகளைப் போல் நம் காதில் விழுகின்றன என்பதை நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2005-இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். ட்ராம்போனில் நுட்பமாக மட்டுமே உணரக்கூடிய இந்த விளைவு, இங்கே 'ஈ' என்றும் 'ஊ' என்றும் நாக்கை நகர்த்தினால் அறை முழுக்கக் கேட்கிறது. அமெரிக்க ட்ராம்போன் கலைஞர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர் 1973-இல் ஆஸ்திரேலியா சென்று இக்கருவியைப் பயின்றதற்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய ஈர்ப்பு இப்போது எனக்குப் புரிகிறது.

குறைகளும் உண்டு. வறண்ட குளிர்சாதன அறையில் வைத்திருந்ததில் அகன்ற முனையருகே மயிரிழை விரிசல் ஒன்று கண்டது; பசை வைத்து அடைத்த பின்னரே நாதம் பழையபடி திரும்பியது. வெயிலில் விட்டால் மெழுகு இளகி, வாய் வைக்கும் வட்டம் கோணிப்போகிறது. இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது, விற்ற கடைக்காரரால் இதைச் செய்தவர் யார் என்று சொல்ல முடியாமற்போனதுதான். வட ஆஸ்திரேலியாவில் உள்ள ஆர்னெம் லாந்தின் வடகிழக்கில் வாழும் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களுக்கு இது யிடாகி. அவர்களுடைய சடங்குகளோடு பிணைந்த கருவி. யிர்கலாவில் உள்ள புக்கு-லார்ங்காய் முல்கா போன்ற, அம்மக்களே நடத்தும் கலை மையத்தில் வாங்கினால் செய்தவரின் பெயரும் தெரியும், பணமும் அவரைச் சேரும்.

டியூபா, பாஸ் ட்ராம்போன் வாசிப்பவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ட்ரம்பெட், ஹார்ன் வாசிப்பவர்கள் முதலில் ஒரு பிவிசி குழாயில் மெழுகு வைத்துப் பழகிப் பார்ப்பது நல்லது. கச்சேரி நாளில் மேடைக்கு முன்பு இதைத் தொடவே வேண்டாம், ஏனெனில் தளர்ந்த உதடு மேல் சுரங்களுக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். என் பயிற்சியில் ட்ராம்போன் முடிந்த பிறகே இதை எடுக்கிறேன்.