சீனம் பேசத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சர்வதேசப் பள்ளி: ஒன்றரை வருட அனுபவம்

சீனாவில் 4 வருடம் இருந்தோம். போகும்போது மகளுக்கு 3 வயது, கிளம்பும்போது 7. அங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போகிற சாதாரண மழலையர் பள்ளியில்தான் சேர்த்திருந்தோம். அதனால் மாண்டரின், அதாவது சீனாவின் பொதுமொழி, அவளுக்குப் பாடமாக வந்த மொழி இல்லை. சண்டை போடவும், கோள் சொல்லவும், பொம்மையைத் தூங்க வைக்கவும் வந்த மொழி. வேலை மாறி வேறொரு நாட்டுக்கு வந்து பள்ளி தேடியபோது எங்களுக்கு இருந்த ஒரே நிபந்தனை, அந்த மொழி அவளை விட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான். சேர்த்த பள்ளியில் இப்போது ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. நல்ல பள்ளி, ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். இதே நிலையில் இருக்கிற பெற்றோருக்கு உதவப் போவது அதுதான்.

மூன்று பள்ளிகளைப் பார்த்தோம். மூன்றின் கையேட்டிலும் மாண்டரின் உண்டு என்று போட்டிருந்தது. முதல் பள்ளியில் அது வாரம் இரண்டு நாள், பள்ளி விட்ட பிறகு 45 நிமிடம். செஸ், ஓவியம் மாதிரி அதுவும் ஒன்று. அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது இருமொழிப் பள்ளி. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் சீனம். கணக்குப் பாடமே சீனத்தில் நடந்தது. பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. இடைவேளை மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடி வந்தார்கள், ஒருவர்கூடச் சீனத்தில் கத்தவில்லை. அதை மட்டும் வைத்துப் பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன்; வகுப்புக்குள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் விசாரித்ததில், அந்த இருமொழி முறை ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, ஆறாம் வகுப்பிலிருந்து சீனம் வெறும் ஒரு பாடமாகிவிடுகிறது என்று தெரிந்தது. போக வர இரண்டரை மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும் என்பது வேறு. விட்டுவிட்டோம். அந்த முடிவு சரியா என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

மூன்றாவதுதான் நாங்கள் சேர்த்தது. ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலரேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் நடக்கிற பள்ளி. ஐபி பள்ளிகள் 7 வயதிலிருந்து கூடுதலாக ஒரு மொழியைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்; ஆனால் அதை எவ்வளவு ஆழமாகக் கற்றுக்கொடுப்பது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். இங்கே 40 நிமிடப் பாடவேளை வாரத்துக்கு ஐந்து. நூலகத்தில் சீனக் கதைப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி இருந்தது. நாலைந்தை எடுத்துப் புரட்டினேன். மூலைகள் மடங்கி, கிழிந்த பக்கத்துக்கு டேப் ஒட்டி, அட்டையில் பேனாக் கிறுக்கலோடு இருந்தன. காட்சிக்கு வைத்த புத்தகங்கள் இல்லை, பிள்ளைகள் எடுத்துப் படித்த புத்தகங்கள். பாதி முடிவை அந்த அலமாரி முன்னாலேயே எடுத்துவிட்டேன்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருந்தோம், உண்மையும் அதுதான். அதைப் பார்த்து மகளைச் சீனத்தில் ஆரம்பநிலைப் பிரிவில் போட்டுவிட்டார்கள். எந்தச் சோதனையும் வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு மாதம் அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்றும் சிவப்பு, பச்சை என்றும் படித்துக்கொண்டிருந்தாள். புகார் எதுவும் சொல்லவில்லை. தினம் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி வந்தாள், நாங்களும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

சீனாவில் அவளைப் பார்த்துக்கொண்ட அம்மாளை 'ஆயி' என்று கூப்பிடுவாள். சித்தி மாதிரியான உறவுச் சொல் அது. நம் ஆயாவுக்குப் பக்கத்தில் ஒலிப்பதால் என் மாமியாருக்குக்கூட முதல் நாளே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீசாட் செயலியில் இரண்டு பேரும் பேசுவார்கள். ஒரு ஞாயிறு மகள் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு காலைத் தூக்கிப் புது சாக்ஸைக் காட்டினாள். சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. மறுபடி திறந்தாள். கடைசியில் ஆங்கிலத்தில் 'சாக்ஸ்' என்றாள். ஆயிக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே என்ன என்று கேட்டார். மகள் போனை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்கு வருடம் தினமும் காலையில் அந்த ஆயியோடு பேசிக்கொண்டே மாட்டிய பொருளின் பெயர் அது.

மறுநாள் காலையே பள்ளிக்குப் போய்விட்டேன். சீனப் பிரிவின் மூத்த ஆசிரியை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அலமாரியிலிருந்து ஒரு படக்கதையை எடுத்து, படித்துக் கதையைச் சொல்லச் சொன்னார். பத்து நிமிடம்தான் ஆனது. பேச்சு வயதுக்கேற்ற அளவில் இருக்கிறது, எழுத்து இரண்டு படி கீழே இருக்கிறது என்றார். "எழுத்தைப் பார்த்து வகுப்பில் போட்டால் பேச்சு போய்விடும். பேச்சைப் பார்த்துப் போட்டால் எழுத்தில் திணறுவாள். திணறட்டும், அதற்கு நான் இருக்கிறேன்" என்றார். அன்றே வீட்டில் சீனம் பேசும் பிள்ளைகளுடைய பிரிவுக்கு மாற்றினார். வாரம் ஒரு மதிய இடைவேளையில் எழுத்துக்கு மட்டும் தனியாக உட்கார வைத்தார். நாலு நட்சத்திரமும் அவருக்குத்தான்.

அந்தப் பிரிவின் பாடம் நிஜமாகவே தரமானது. கட்டம் போட்ட நோட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் ஒரு சிலுவைக்கோடு நாலாகப் பிரிக்கும். எழுத்தின் எந்தப் பகுதி எந்தக் கால்பாகத்தில் உட்கார வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். கோடுகளுக்கு வரிசை உண்டு: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், சுற்றிலும் வேலி இருக்கிற எழுத்தானால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுக் கடைசியில் அடிக்கோட்டை இழுத்து மூட வேண்டும். முதலில் உள்ளே போ, அப்புறம் கதவைச் சாத்து என்று ஆசிரியை சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு நாள் மகளின் நோட்டில் ஒரே எழுத்தை ஏழெட்டு இடத்தில் சிவப்பில் சுழித்திருந்தார். 'நான்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் தலையில் வரும் சின்னச் சாய்கோட்டை இவள் விட்டிருந்தாள். அந்தக் கோடு இல்லாவிட்டால் அது 'தேடு' என்ற எழுத்துப் போல ஆகிவிடும். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பது 'தேடு பள்ளிக்குப் போகிறேன்' என்றாகியிருந்தது. ஆசிரியை வெறுமனே தப்பு என்று அடித்துவிட்டுப் போகாமல், ஓரத்தில் இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்துப் பெரிதாக எழுதி அந்தக் கோட்டுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்திருந்தார். இப்படித் திருத்திய நோட்டுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளைகளின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போர்டையும் நீச்சல் குளத்தையும் அவர்களே காட்டிவிடுவார்கள்.

கையால் எழுதுவதை இவ்வளவு வற்புறுத்த வேண்டுமா என்று என் கணவருக்கே சந்தேகம் இருந்தது. போனில் பின்யின்னில், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், ஒலியைத் தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதைத் தொட்டால் போதும். வளர்ந்த சீனர்களுக்கே அதனால் பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது. அதைச் சொல்லச் சீனத்தில் நான்கு எழுத்துத் தொடரே இருக்கிறது. ஊரெல்லாம் சீன எழுத்தாக இருக்கிற இடத்தில் வாழ்கிறவருக்கு மறந்தது திரும்ப வந்துவிடும். எங்கள் மகளுக்கு அந்த எழுத்தைப் பார்க்கக் கிடைப்பது அந்த நோட்டில்தான். அதனால் நான் ஆசிரியை பக்கம்.

சிரமம் எனக்குத்தான். வீட்டுப்பாடக் குறிப்பு முழுக்கச் சீனத்தில் வருகிறது, அந்தப் பிரிவுப் பெற்றோருக்கெல்லாம் படிக்கத் தெரியும் என்ற நினைப்பில். எனக்குப் பேச்சு கொஞ்சம் புரியும், எழுத்து தெரியாது. பிளெகோ அகராதிச் செயலியில் எழுத்தை விரலால் வரைந்து தேடி, ஒரு வரிக் குறிப்பைப் படிக்கக் கால் மணி நேரம் போகும். இரண்டு முறை கேட்ட பிறகு குறிப்பைக் குரல்பதிவாகவும் அனுப்பத் தொடங்கினார்கள். இப்போது மகள் அதைக் கேட்டு எனக்குத் தமிழில் சொல்கிறாள். அதுவே அவளுக்கு ஒரு நல்ல பயிற்சியாகிவிட்டது.

படிக்கத் தெரியாத பெற்றோர் எதுவும் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம், அதிலும் தமிழ் பேசுகிறவர்கள். பின்யின்னில் 'b' என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் அதை 'பந்து' என்பதில் நாம் சொல்வது போல அழுத்திச் சொல்வார்கள். எட்டு என்பதற்கான 'பா' அப்படி இல்லை, பாட்டி என்பதில் வருகிற அதே மெல்லிய பா. பயம் என்பதற்கான 'பா'வில் காற்று சேர்ந்து வரும், வாய்க்கு முன்னால் காகிதத்தைப் பிடித்தால் ஆடும். மனிதன் என்ற சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதை ரகரமாகச் சொல்ல, மகள் சரியாகச் சொன்னதை ஆசிரியை கவனித்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். "எங்கள் வீட்டு மொழியின் பெயரிலேயே இருக்கிறது" என்றாளாம். சீனத்துக்காகத் தமிழைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தேர்வு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபி பட்டயப் படிப்பில் சீனத்தை மூன்று விதமாக எடுக்கலாம். இலக்கியம் படிக்கும் அளவுக்குத் தெரிந்தவர்களுக்கு 'ஏ', கற்றுக்கொண்ட மொழியாக எடுப்பவர்களுக்கு 'பி', புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 'அப் இனிஷியோ'. பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்விலும் முதல் மொழி, இரண்டாம் மொழி, அயல்மொழி என்று மூன்று உண்டு. உங்கள் பள்ளி இதில் எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். மேல்வகுப்பில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கான பாடம் மட்டும்தான் என்றால், 8 வயதிலேயே கதை படிக்கிற பிள்ளைக்கு 16 வயதில் அங்கே இடமில்லை. எங்கள் பள்ளியில் 'பி' வரை உண்டு. எச்எஸ்கே என்ற சீன மொழித் தகுதித் தேர்வுக்கு இப்போது அவசரம் இல்லை என்றார் ஆசிரியை. அதன் மூன்றாம் நிலையிலிருந்து வினாத்தாளில் பின்யின் இருக்காது, அதைத் துணையில்லாமல் படிக்க முடிகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

சரி, குறைகள். முதலாவதைச் சொல்லிவிட்டேன், பிள்ளையைச் சோதிக்காமல் படிவத்தைப் பார்த்துப் பிரித்தது. இப்போது புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் பேசிப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள் என்று கேள்வி, நல்லது. இரண்டாவது, போன வருடம் அந்த ஆசிரியை 6 வாரம் விடுப்பில் போனபோது பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து, பெரும்பாலும் கார்ட்டூன் போட்டே ஓட்டினார்கள். சீனம் என்பது ஒரே ஒருவரை நம்பி நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது, தேர்ச்சி அறிக்கையில் எல்லாப் பருவமும் 'நல்ல முன்னேற்றம்' என்ற ஒரே வரி. எத்தனை எழுத்து படிக்கிறாள், எத்தனை எழுதுகிறாள் என்று எதுவும் இருக்காது. நானே ஒரு நோட்டுப் போட்டு மாதம் ஒரு முறை எண்ணி வைக்கிறேன். போன மாதக் கணக்குப்படி பார்த்தால் படிப்பது 610, பார்க்காமல் எழுதுவது 240.

அவள் பிரிவில் இப்போது 7 பிள்ளைகள். ஜூனில் இரண்டு குடும்பங்கள் ஊர் மாறிப் போகின்றன. ஆறுக்குக் கீழே போனால் நடுநிலைப் பிரிவோடு சேர்த்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். சேர்த்தாலும் வாரத்தில் இரண்டு பாடவேளையாவது இந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வையுங்கள் என்று நாங்கள் நான்கு பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வருகிற வியாழக்கிழமை முதல்வரைப் பார்க்கிறோம், மகளின் அந்தக் கட்டம் போட்ட நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.