பேய் மீட்டர் வாங்கலாமா? ஏற்காடு, சங்ககிரின்னு எடுத்துட்டு சுத்தின அனுபவம்

பழைய பங்களா, கோட்டைன்னு ராத்திரில சுத்தி ரீல்ஸ் போடறவங்க கையில ஒரு சின்ன கறுப்பு டப்பா இருக்கும் பாருங்க, பச்சைல ஆரம்பிச்சு சிவப்பு வரைக்கும் வரிசையா அஞ்சு லைட்டு, அதுதான் மின்காந்தப் புலத்தை அளக்கற இந்த இஎம்எஃப் மீட்டர். பேய் தேடறவங்ககிட்ட பிரபலமான கே2 மாடல் மாதிரியே செஞ்சு வர்ற பேர் தெரியாத கம்பெனி பீஸ் ஒண்ணு ஆன்லைன்ல ரெண்டாயிரத்து சொச்சத்துக்கு வாங்கினேன். அமானுஷ்ய விஷயத்துல எனக்கு சின்ன வயசுல இருந்தே ஆர்வம், ஏதோ ஒண்ணு இருக்குன்னு நம்பிக்கையும் உண்டு, அதனால கேலி பண்ண இதை எழுதல. இதை வாங்கிட்டு மலை ஏறலாம்னு இருக்கற நம்ம சேலத்து பசங்களுக்கு இது எதை காட்டும் எதை காட்டாதுன்னு ஒருத்தராவது தெளிவா சொல்லணும், ஏன்னா நான் பாத்த வீடியோ எல்லாமே லைட்டு எரிஞ்ச உடனே "வந்துடுச்சு வந்துடுச்சு"ன்னு கத்தறதோட முடிஞ்சு போகுது.

டப்பாக்குள்ள இருக்கறது ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். சுத்தி இருக்கற காந்தப்புலம் மாறிட்டே இருந்தா அந்த காயில்ல கரண்ட் உண்டாகும், அதை வெச்சுதான் லைட்டு ஏறுது. நம்ம வீட்டு கரண்ட் செகண்டுக்கு 50 தடவை மாறி மாறி ஓடுது, அதனால வயர், மோட்டார், ட்ரான்ஸ்ஃபார்மர் எது பக்கத்துல போனாலும் காட்டும். முதல் பச்சை லைட்டு ஆன்ல இருக்குன்னு சொல்ல மட்டும்தான், 1.5 மில்லிகாஸ் (காந்தப்புலத்தை அளக்கற அலகு) தாண்டினா ரெண்டாவது எரியும், 20 தாண்டினா சிவப்பு. பூமியோட காந்தம் மாதிரி மாறாம நிக்கற புலத்தை இது கண்டுக்காது.

இங்கதான் சேலத்துக்காரங்க கவனிக்கணும். காசு செலவில்லாம போன்ல பேய் டிடெக்டர் ஆப் போட்டுக்கறாங்க பாருங்க, அதுல நெறைய ஆப் போன்ல இருக்கற காம்பஸ் சென்சாரை வெச்சு ஓடுது, அது மாறாத காந்தத்தையும் பிடிக்கும். நம்ம கஞ்சமலை பூரா மேக்னடைட் இரும்புத்தாது, அந்த பாறை பக்கத்துல அந்த ஆப்பை நீட்டினா பட்டப்பகல்லயே அலறும். சித்தர் கோயில் பக்கம் போய் அப்படி ஒரு வீடியோ எடுத்து பரப்பறதுக்கு முன்னாடி இதை மனசுல வெச்சுக்கங்க. இந்த மீட்டர் அந்த பாறைக்கு அசையாது, அந்த வகைல இது ஆப்பை விட எவ்வளவோ நேர்மையான பொருள்.

ஏற்காட்டுல ஒரு பழைய எஸ்டேட் பங்களால தங்கினோம், இப்ப ஹோம்ஸ்டேவா விடறாங்க. கடைக்கோடி ரூம்ல யாருமே நிம்மதியா தூங்கினதில்லன்னு அங்க வேலை பாக்கற அண்ணன் சொன்னாரு. ராத்திரி அந்த ரூம்ல கட்டில் தலைமாட்டுல மீட்டரை வெச்சேன், சிவப்பு நின்னுச்சு. கூட வந்த பொண்ணு வெளிய ஓடிட்டா, எனக்கும் கை நடுங்குச்சு, பொய் சொல்லல. அப்புறம் அந்த அண்ணன்கிட்ட கேட்டு மெயினை ஆஃப் பண்ண சொன்னேன், ஒரே நொடில பச்சைக்கு வந்துடுச்சு, ஆன் பண்ணா மறுபடி சிவப்பு. வயர்மேனா இருக்கற என் மாமாவுக்கு போன் போட்டேன், "சுவத்துக்கு அந்தப்பக்கம் போர்டு இருக்கான்னு பாரு, மரப்பட்டை வெச்ச பழைய கேசிங் வயரிங்கா இருக்கும்"னாரு, போய் பாத்தா அதேதான். கரண்ட் வர்ற ஃபேஸ் வயரும் திரும்பிப் போற நியூட்ரல் வயரும் ஒட்டி ஓடினா ரெண்டோட புலமும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும், பழைய வயரிங்ல அதுங்க தள்ளித் தள்ளி ஓடறதால புலம் பெருசா வெளிய வருதுன்னு விளக்கினாரு. அதனால பழைய வயரிங்கை மாத்தாத பங்களால இந்த டப்பா எரிய வாய்ப்பு அதிகம். மெயினை ஆஃப் பண்ணி பாக்காம எடுத்த எந்த வீடியோவையும் நான் இனி நம்பறதா இல்ல. எரியற எல்லாத்துக்கும் காரணம் தேடி ஒவ்வொண்ணா கழிச்சுட்டு வர்றதுக்கு இது அருமையான கருவி, ஆவியை கண்டுபிடிக்கற கருவின்னு டப்பா மேல போட்டிருக்கறது மட்டும் தப்பு.

ஹோலி ட்ரினிட்டி சர்ச் பக்கம் கல்லறைங்க இருக்கு, அனுமதி கேட்டுட்டு பகல்ல போனோம். கேட்டு பக்கத்து லைட்டு கம்பத்தை தாண்டினா மீட்டர்ல ஒண்ணுமே இல்ல. ஆனா அங்க போனது வீண் இல்லைங்க. 1863ல பல்லாவரத்துல பழைய கற்கால கைக்கோடாரி எடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவரோட நினைவுச்சின்னம் இங்கதான் இருக்கு, அவரோட மாமனார் பீட்டர் பெர்சிவலும் இதே ஏற்காட்டுலதான் 1882ல காலமானாரு. யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலரை கூட வெச்சுக்கிட்டு பைபிளை தமிழ்ல மொழிபெயர்த்தவரு அவரு, எவ்வளவு பேருக்கு தெரியும்? வெள்ளைக்கார துரையோட பேய்னு பொதுவா ஒரு கதை கட்டி விடறதுக்கு பதிலா அங்க இருக்கறவங்க யாருன்னு படிச்சுட்டு போனா, நிக்கும்போதே உடம்பு சிலிர்க்குது. இன்னொரு விஷயம், சேர்வராயன் மலைல நெறைய இடத்துல இருக்கற பாறைக்கு சார்னோகைட்னு பேரு, அந்த பேர் வந்ததே கல்கத்தால இருக்கற ஜாப் சார்னோக்கோட கல்லறைக் கல்லுல இருந்துதான். அந்தக் கல்லு நம்ம மெட்ராஸ் பக்கத்துப் பாறை.

இப்ப சங்ககிரி. சேலத்துல இருந்து ஒரு மணி நேரம், அப்புறம் வாசல் வாசலா தாண்டி ஏறணும், தண்ணி எடுத்துட்டு போங்க, மேல கடை கிடையாது. தொல்லியல் துறை பாதுகாக்கற இடம், பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடணும், ராத்திரி திருட்டுத்தனமா ஏறாதீங்க, இடிஞ்ச சுவரும் மூடாத பள்ளமும் நெறைய இருக்கு. 1805ல தீரன் சின்னமலையையும் அவர் தம்பிங்களையும் கம்பெனிக்காரன் தூக்குல போட்ட கோட்டை இது. மேல நாங்க போன பக்கமெல்லாம் கரண்டு லைன் இல்ல, அதனால மீட்டரை சோதிக்க இதை விட நல்ல இடம் கிடையாது. எங்க ரெண்டு பேர் போனையும் ஏரோப்ளேன் மோடுல போட்டேன், முதல் பச்சைக்கு மேல ஒரு லைட்டு கூட ஏறல. போனை ஆன் பண்ணி மீட்டர் பக்கத்துல வெச்சேன், சிக்னல் தேடற ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரைக்கும் ஓடி ஓடி வந்துச்சு. பையில போனை வெச்சுக்கிட்டு "ஐயா இங்க இருந்தா ரெண்டு தடவை லைட்டு போடுங்க"ன்னு சின்னமலைகிட்ட கேக்கற மாதிரி ஒரு வீடியோ பாத்தேன், எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. வருஷா வருஷம் ஆடி 18க்கு ஜனங்க மாலையோட வந்து கும்பிடற மனுஷன்கிட்ட இப்படியா கேப்பாங்க?

ஆனா அதே கோட்டைல எனக்கு ஒண்ணு நடந்துச்சு. காத்து நல்லா வீசிட்டு இருந்த சாயங்காலம், ஒரு கல் கட்டடத்துக்குள்ள குனிஞ்சு போனேன், நெஞ்சை யாரோ கையால அழுத்தற மாதிரி இருந்துச்சு, பின்னால ஆள் நிக்கறாங்கன்னு உறுதியா தோணுச்சு, திரும்பினா யாரும் இல்ல. வெளிய வந்தா சரியாயிடுச்சு, மறுபடி உள்ள போனா மறுபடி வந்துச்சு. மீட்டர் கம்முனு இருந்துச்சு. விக் டேண்டின்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் 1998ல எழுதினது அப்ப ஞாபகம் வந்துச்சு. அவர் வேலை பாத்த லேப்ல எல்லாருக்கும் இதே மாதிரி பயம், அவர் கண் ஓரத்துல சாம்பல் கலர்ல ஒரு உருவம் கூட தெரிஞ்சிருக்கு, கடைசில பாத்தா புதுசா மாட்டின ஒரு ஃபேன் சுமார் 19 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 19 தடவை அதிர்ற ஒரு சத்த அலையை உண்டாக்கிட்டு இருந்துச்சாம். நம்ம காதுக்கு 20 ஹெர்ட்ஸ்க்கு கீழ சாதாரணமா கேக்காது, பலமா இருந்தா உடம்புக்கு தெரியலாம். காலி பாட்டில் வாயில ஊதினா சத்தம் வருதே, அப்படி காத்து அந்த குறுகலான வாசல்ல அடிச்சு கேக்காத சத்தம் வந்திருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் இந்த டப்பாவால அதை சொல்ல முடியாது, மின்காந்தப் புலத்தை தவிர இதுக்கு ஒண்ணும் தெரியாது.

பொருளோட தரம்னு பாத்தா பிளாஸ்டிக் லேசு, 9 வோல்ட் பேட்டரி போடணும், நல்லா நிக்குது. நம்பர் காட்டாது, லைட்டு மட்டும்தான், அது பெரிய குறை. உள்ள ஒரே காயில்தான், அதனால ஒரே இடத்துல நேரா பிடிச்சா ஒரு அளவு, படுக்க வெச்சா வேற அளவு, மூணு பக்கமும் திருப்பி பாத்துட்டுதான் முடிவு பண்ணனும். எதையும் பதிவு பண்ணி வெக்காது. வெறும் ரீல்ஸ்க்குன்னா வாங்காதீங்க. என்னை மாதிரி பழைய இடத்துல பொறுமையா உக்காந்து தேடறவங்களுக்கு வாங்கலாம், அஞ்சுக்கு மூணு ஸ்டார்.

மூணு காயில் வெச்சு நம்பரோட பதிவு பண்ற மீட்டரும், 20 ஹெர்ட்ஸ்க்கு கீழ பிடிக்கற மைக்கும் யாராவது வெச்சிருந்தா, எந்த மாடல், எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க. ஆடில காத்து நல்லா அடிக்கும்போது அதே கட்டடத்துல வெச்சு பாக்கணும், கூட வர்றவங்க வரலாம், போன் மட்டும் ஆஃப்ல இருக்கணும்.